ஒப்பு நோக்காத பிரதி

ஆடி மாதம் இருபத்தொன்றாம் நாள், முற்பகல் பத்து மணி. மேல்காற்று தெருப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினிக் கடையில் உமாபதித் தம்பிரான் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். உள்ளே ஒன்றும் திறக்கவில்லை என்று அவர் கொடுத்த பென்டிரைவைக் கடைக்காரப் பெண் ஷமீமா கணினியில் செருகினார்.

"பாஸ்வேர்டு கேக்குது சாமி."

"சற்றுத் திரும்பிக்கொள்ளுங்கள்."

ஷமீமா சிரித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். தம்பிரான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"பதினெட்டு எழுத்தா? நகைக்கடைக்காரர்கூட இவ்வளவு பெரிய பூட்டுப் போட மாட்டார்."

தம்பிரானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பார்த்தீர்களா?"

"எங்க பார்த்தேன்? தட்டுற சத்தத்தை எண்ணினேன். பயப்படாதீங்க."

பெட்டி திறந்தது. நூற்று நாற்பத்திரண்டு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஷமீமா முதல் பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. அடுத்ததைத் தட்டினார். அதற்கடுத்ததையும் தட்டினார். பிறகு அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சாமி, இதுல ஃபைலே இல்ல. எல்லாம் ஷார்ட்கட்."

"அப்படியென்றால்?"

"வீட்டுக்கு வழி எழுதின சீட்டு. வீடு வேற எங்கேயோ இருக்கு. முதல்ல எதுல வச்சிருந்தீங்க?"

"பழைய பென்டிரைவில்."

"இதுல எப்படி ஏத்தினீங்க?"

"நாள்தோறும் திறப்பதற்கு எளிதாக இருக்கட்டுமென்று அந்தப் பெயர்களைத் திரையின் முகப்பில் வைத்திருந்தேன். அவற்றை அப்படியே இழுத்து இதில் போட்டேன். போட்ட பிறகு நான்கைந்தைத் திறந்தும் பார்த்தேன், அம்மா. திறந்தன."

"பழசும் அப்ப கணினியில செருகியிருந்துச்சா?"

"இருந்தது."

"அதான் திறந்துச்சு. சரி, பழசைக் கொண்டாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

தம்பிரான் எழவில்லை.

"அதை ஆற்றில் விட்டுவிட்டேன்," என்றார்.

ஷமீமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேடிக்கை பேசுகிற ஆள் இவர் இல்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கிடைச்சா எடுத்து நல்லாக் காய வச்சுக் கொண்டாங்க சாமி. தண்ணியில விழுந்தது சில நேரம் பிழைச்சுக்கும்."

ஆறுதலுக்காகச் சொன்ன சொல்தான். ஆனால் தம்பிரானின் அச்சம் இரட்டித்தது.

உமாபதித் தம்பிரான் துறவு ஏற்குமுன் பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில் முப்பது ஆண்டு பணியாற்றியவர். அறையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது அங்கே படிந்த வழக்கம். அறுபதாம் வயதில் காவிரிக் கிளையாற்றின் கரையிலுள்ள சிறிய மடத்தில் சேர்ந்தார். அவருடைய குருவான திருக்கூத்த அடிகளுக்கு வயது நாற்பத்தைந்துதான். வயதில் இளையவரிடம் பாடம் கேட்பதில் தம்பிரானுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

மடத்தில் ஒரு நஞ்சு நூல் இருந்தது. நூற்று நாற்பத்திரண்டு பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் முன்னிரண்டு அடி ஒரு நஞ்சின் இயல்பைச் சொல்லும். பின்னிரண்டு அடி அதன் முறிவை, மாற்று மருந்தைச் சொல்லும். எந்தக் காலத்திலும் இருவருக்கு மேல் அதை அறியலாகாது என்பது மடத்தின் ஆணை. ஓலை பூச்சிக்கு இரையாகி உதிரத் தொடங்கியபோது, தம்பிரான் அதைப் பாட்டுக்கு ஒரு கோப்பாகத் தட்டெழுதி, ஒவ்வொரு கோப்புக்கும் பாட்டின் முதற்சொற்களையே பெயராக இட்டு, ஒரு பென்டிரைவில் சேர்த்தார். கணினியில் எதையும் வைக்கவில்லை. கணினிக்குள் இருப்பதை எவனாவது எங்கிருந்தாவது எடுத்துவிடுவான் என்பது அவருடைய அச்சம்.

பழைய ஓலையைப் புதிதாகப் பெயர்த்து எழுதினால், பழையதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது அந்த மடத்து வழக்கம். அதற்கு முன் ஒரு கடமை உண்டு. புதிய பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் பழையதைக் கையில் பிடித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பு நோக்க வேண்டும். ஓலையை விட்ட ஆண்டில் அடிகள் படித்தார், தம்பிரான் ஒப்பு நோக்கினார், பிழையொன்றும் இல்லை.

இந்த ஆண்டு பழைய பென்டிரைவ் அடிக்கடி தடுமாறியது. அதற்குப் பூட்டும் இல்லை. தம்பிரான் பூட்டுள்ள புதியதொன்றை வாங்கி, அதில் ஏற்றினார். அடிகள் வெளியூர் போயிருந்தார். இருபதாம் நாள்தான் திரும்புவார். ஒப்பு நோக்க வேறு யாரையும் அழைக்கலாகாது. பெருக்கைத் தவறவிட்டால், பூட்டில்லாத ஒன்று இன்னும் ஓராண்டு மடத்தில் கிடக்கும். அந்த நினைப்பே அவரை உறங்கவிடவில்லை. பதினெட்டாம் நாள் காலை பழைய பென்டிரைவை வெற்றிலையில் வைத்து, மஞ்சள் தூவி, அவரே ஆற்றில் விட்டார்.

கடையிலிருந்து திரும்பிய தம்பிரான் மடத்துக்குள் போகாமல் படித்துறைக்குப் போனார். ஆறு கரை தட்டி ஓடியது. எங்கோ ஒரு தகரத் துண்டு வெயிலில் மின்னியது. அது கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டினார். மறுகணமே, எவர் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டினார்.

நண்பகலில் அடிகளின் முன் போய் நின்றார்.

"முகம் வெளுத்திருக்கிறதே. உண்டீரா?"

"இல்லை, சாமி."

"என்ன நடந்தது?"

தம்பிரான் ஒன்றையும் மறைக்கவில்லை. அடிகள் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பென்டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பூட்டை எத்தனை முறை சோதித்தீர்?"

"நாள்தோறும், சாமி. வேண்டுமென்றே தவறாக அடித்துப் பார்ப்பேன். ஒருமுறையும் திறக்கவில்லை."

"பெட்டியை?"

தம்பிரான் தலைகுனிந்தார்.

"ஆற்றில் விட்டதற்குப் பூட்டு இல்லை என்றீர்."

"இல்லை, சாமி. காய்ந்தால் பிழைத்துக்கொள்ளுமாம்."

"அது கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சுகிறீரா, கிடைத்துவிடுமோ என்று அஞ்சுகிறீரா?"

"இரண்டும்தான், சாமி."

"ஒரே நேரத்திலா?"

"ஒரே நேரத்தில்."

அடிகள் எழுந்தார். "தாளும் பேனாவும் கொண்டுவாரும். உமது கணினியையும் திறவும். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியும்."

"அவை வெறும் பெயர்கள், சாமி. உள்ளே ஒன்றும் இல்லை."

"பாட்டின் முதற்சொற்கள் அல்லவா? படியும்."

தம்பிரான் முதல் பெயரைப் படித்தார். "அரளி வேரினை."

அடிகள் கண்ணை மூடினார். ஒரு மூச்சு. பிறகு நான்கு அடியும் தடையின்றி வந்தன. தம்பிரானின் பேனா தாளின் மேல் ஓடியது. முன்னாள் நகலெழுத்தருக்குக் கை மறக்கவில்லை.

"எட்டிக் கனியுள்."

அதுவும் வந்தது.

அன்று விளக்கேற்றும் நேரத்துக்குள் நாற்பத்தாறு பாட்டு தாளில் ஏறின. தம்பிரானுக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. சாமிக்கு எல்லாம் நினைவிருக்கிறது, நாம்தாம் வீணாக நடுங்கினோம் என்று எண்ணிக்கொண்டு நாற்பத்தேழாம் பெயரைச் சற்று உரக்கவே படித்தார்.

"செங்காந்தள் கிழங்கு."

முதலிரண்டு அடி வந்தன. மூன்றாம் அடி வரவில்லை.

தம்பிரான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அடிகளின் உதடுகள் அசைந்தன, ஓசை எழவில்லை. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார்.

"அடுத்தது," என்றார் அடிகள்.

அந்தக் குரலில் முன்பு கேட்டறியாத ஒன்று இருந்தது. குருவும் அஞ்சுவார் என்பதைத் தம்பிரான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அதன்பின் ஒவ்வொரு முறையும் தம்பிரான் பெயரைச் சொல்லிவிட்டு அடிகளின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தாளையே பார்த்திருந்தார். சில பாட்டு உடனே வந்தன. சில பாட்டு நெடுநேரம் கழித்து வந்தன. சிலவற்றில் முன்னிரண்டு அடியோடு குரல் நின்றது.

"நஞ்சு மட்டும் மறப்பதில்லையே, சாமி, ஏன்?" என்று இரண்டாம் நாள் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"இளவயதில் பாடம் செய்தேன். பயமுறுத்திய அடிகள் பசுமரத்தில் ஆணிபோல் இறங்கிவிட்டன. மற்றவற்றை ஓலையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்," என்றார் அடிகள். "பிறகு பென்டிரைவில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அடுத்தது."

மூன்றாம் நாள் மாலை பெயர்கள் தீர்ந்தன. நூற்று முப்பத்தொரு பாட்டு முழுமையாக இருந்தன. பதினொன்று பாதியாக இருந்தன. தம்பிரான் அந்தப் பதினொரு தாளையும் தனியே எடுத்து நீட்டினார்.

"இவற்றை என்ன செய்வது, சாமி?"

அடிகள் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பதினொரு நஞ்சு இருக்கின்றன. ஒன்றுக்கும் முறிவு இல்லை."

மடைப்பள்ளியில் இரவு உணவுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடிகள் உள்ளே போய்த் தாள்களை ஒவ்வொன்றாக நெருப்பில் இட்டார். பதினொன்றும் கருகிச் சுருண்டு சாம்பலாகும் வரை அங்கேயே நின்றார். தம்பிரான் வாயிலில் நின்று பார்த்தார். தாளில் இருந்தது போயிற்று. அடிகளின் நினைவில் இருப்பது போகாது.

"மூன்று பென்டிரைவ் வாங்கிவாரும்," என்றார் அடிகள் திரும்பாமலே. "மூன்றிலும் ஏற்றும். ஒன்று இங்கே இருக்கட்டும், ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கட்டும், ஒன்று ஷமீமாவிடம் இருக்கட்டும்."

"பூட்ட வேண்டாமா?"

"பூட்டும். கடவுச்சொல்லை என்னிடமும் சொல்லும். நாளைக்கு நீர் கண்ணை மூடிவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?"

"அப்படியே, சாமி."

"பூட்டுவதற்கு முன் ஒப்பு நோக்க வேண்டும். உமது கணினியில் வேண்டாம். ஷமீமாவின் கணினியில் திறக்கட்டும். அந்தப் பெண் திரையைப் பார்த்துப் படிக்கட்டும், நீர் தாளைப் பிடித்துக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து."

தம்பிரான் திடுக்கிட்டார்.

"அவர் படிப்பதா? சாமி, அவர் வெளியார். இருவருக்கு மேல் அறியலாகாது என்பதல்லவா ஆணை? கடவுச்சொல்லின் ஓசையைக்கூட எண்ணிச் சொன்னவர் அவர். இத்தனை தலைமுறையாகக் காத்த ரகசியம்..."

அடிகள் அடுப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இல்லை.

"ரகசியத்தை நாம் குறைவறக் காத்துவிட்டோம், தம்பிரானே. அந்தப் பதினொரு முறிவையும் இன்று எவரும் அறியார். நானும் அறியேன்."



ஆவணி மூன்றாம் நாள் ஒப்பு முடிந்தது. மூன்று பென்டிரைவுக்கும் உரிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தம்பிரான் தம் ஓய்வூதியத்திலிருந்து அன்றே கொடுத்தார். நான்கு நாள் உட்கார்ந்து படித்ததற்கு ஷமீமா கூலி வாங்க மறுத்துவிட்டார். தம் மடிக்கணினியோடு மடத்துக்கு வந்துபோன பேருந்துக் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். அதுவும் புரட்டாசி பிறந்த பிறகு, தம்பிரான் மூன்றாம் முறையாகக் கடையேறிப் போய் நீட்டியபோது.