வண்டிப் பிள்ளையாரின் தும்பிக்கை

எத்தனையோ ஊரைத் தாண்டி ஓடுகிற ரயில், செவல்குளம் மாதிரி ஒரு சின்ன ஊரில் எதற்காக நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

தையல்காரர் பூதப்பாண்டிக்கு அன்று அதே யோசனைதான். காலை வண்டி இனிமேல் செவல்குளத்தில் நிற்காதாம். அவர் மருமகள் இசக்கியம்மாள் வேலைக்குப் போவதே அந்த வண்டியில்தான். மறுநாள் ரயில்வே அதிகாரி வருகிறார். ஊருக்காகப் பேச வேண்டியவர் பூதப்பாண்டி.

நேரே ஊர் மடத்தில் இருக்கும் தன் குருவிடம் போனார். குரு அவரைவிட வயதில் இளையவர். மடத்தம்மா என்பார்கள்.

"அம்மா, நம்ம ஊர்ல ரயில் முதல்ல எதுக்கு நின்னுச்சு?"

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணாச்சி?"

"வண்டிப் பிள்ளையார்தான் நிறுத்துனாரு. ஊருக்கே தெரியுமே. அதைத்தான் நாளைக்குச் சொல்லப் போறேன்."

"வாங்க, அவரையே கேட்டுருவோம்."

நடைமேடையின் கடைசியில் நின்றார் வண்டிப் பிள்ளையார். உயரமான இரும்புத் தூண், உச்சியில் வளைந்து இறங்கும் தும்பிக்கை. இடுப்பில் மஞ்சள் துணி, எருக்கம்பூ மாலை.

"தும்பிக்கை சரி. காது எங்கே?"

"சுயம்புல்லா அம்மா. அதெல்லாம் பார்க்கக் கூடாது."

"தொப்பையாவது?"

பூதப்பாண்டி தலையைச் சொறிந்தார்.

"தும்பிக்கைக்குக் கீழ போய் அண்ணாந்து பாருங்க."

போனார். பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"அம்மா, இது வெறும் குழாய்ல்லா!"

"ஆமா. கரி வண்டிக் காலத்துல இன்ஜினுக்குத் தண்ணி விட்ட குழாய். நம்ம ஊர்த் தண்ணி நல்ல தண்ணி. அதுக்குத்தான் நின்னுச்சு. நின்ன நேரத்துல சனங்க ஏறிக்கிட்டாங்க."

பூதப்பாண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நமக்காக நிக்கலையா? இப்ப ஓடுறது கரண்டு வண்டி. அதுக்குத் தண்ணியும் வேண்டாம். எந்த முகத்தோட நிக்கச் சொல்லுவேன்?"

மடத்தம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க மடத்துக்கு முதல்ல எதுக்கு வந்தீங்க?"

"பொய் சொல்லக் கூடாது. மழைக்கு ஒதுங்கத்தான் வந்தேன்."

"மழை விட்டுச்சா?"

"அன்னைக்கே விட்டுருச்சு."

"பிறகு ஏன் வந்துக்கிட்டே இருக்கீங்க?"

பூதப்பாண்டி தும்பிக்கையை மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

மடத்தம்மா சொன்னார்: "அந்த வண்டியில தினமும் போற உங்க மருமகளை நாளைக்குப் பேசச் சொல்லுங்க அண்ணாச்சி."