நாலு பேருக்கு மேல் கூடாது

பூவலூரில் பதினோரு நாளாகத் தண்ணீர் இல்லை. பெண்கள் போராட வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் தாசில்தார் சபாரத்தினம் முந்திக்கொண்டார். தாலுகா அலுவலகத்தின் முன்னால் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாதென்று தடையுத்தரவு எழுதி, வாசலில் ஒட்டவும் வைத்தார்.

மறுநாள் காலை அவருடைய ஜீப் உள்ளே போக முடியவில்லை. கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை முந்நூறு காலிக்குடங்கள் வரிசையில் நின்றன. பக்கத்தில் ஒரே ஒரு ஆள், அலுவலகம் பெருக்குகிற பேச்சியம்மாள்.

"உத்தரவைப் பாக்கலையாம்மா?"

"பாத்தோம் ஐயா. அதான் குழாயடியில இடம் பிடிக்கிற மாதிரி குடத்தைப் போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

தாசில்தார் கூப்பிட்டு வந்த இன்ஸ்பெக்டர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். "குடத்தைப் பத்தி ஒண்ணுமில்லை சார்."

அவரோடு வந்த ஒரு கான்ஸ்டபிள் முதல் குடத்தில் கை வைத்தார்.

"வரிசைக் குடத்தை நகர்த்தினவங்கதான் ரொப்பித் தரணும். அது குழாயடி வழக்கம்," என்றாள் பேச்சியம்மாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அவங்களையே வந்து எடுக்கச் சொல்லு," என்றார் தாசில்தார்.

"முந்நூறு பேரையுமா ஐயா?"

தாசில்தார் உத்தரவைப் பார்த்தார். பிறகு தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார்.

மத்தியானம் லாரிகள் வந்து குடங்களை நிரப்பின. பெண்கள் சட்டப்படி நாலு நாலு பேராக வந்து தூக்கிப் போனார்கள். ஜீப்பை விட்டு இறங்கி நடந்து பழக்கமில்லாத தாசில்தார் அதற்குள்ளேயே உட்கார்ந்து வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

"எல்லாரையும் சேர்ந்து வரச் சொல்லும்மா."

"உத்தரவு இருக்கே ஐயா."

அவர் இறங்கினார். குடங்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நடந்துபோய், தானே ஒட்டவைத்ததைத் தன் கையாலேயே கிழித்தார்.