வண்டு புகாத குடில்

கோத்தகிரி மலைச்சரிவில் சிறு மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி மங்கையம்மையாருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்தாறு. வயதை மதித்து அம்மையார் அவரை ‘ஐயா’ என்பார். ஞானத்தை மதித்து அவர் அம்மையாரைத் ‘தாயே’ என்பார்.

குருபூசைக்கு இன்னும் ஐந்தே நாள். தம் கையால் வளர்த்த வெள்ளை ரோஜாவில் அன்று ஈசனுக்கு மாலை சாத்துவதாக ஏகாம்பரம் நேர்ந்திருந்தார். மடத்துப் பசுமைக்குடிலுக்குள் போகும்போதெல்லாம், மூச்சு மலரில் படாதிருக்க வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். வண்டு முகர்ந்த பூ இறைவனுக்கு ஆகாதென்று, கூரைத் திறப்பையும் பக்கத் திரைகளையும் இறுக மூடியிருந்தார்.

அப்படி மூடிவைத்த பத்தாம் நாள், மொட்டுகளின்மேல் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம் படர்ந்தது. தொட்டால் இதழ் கையோடு வந்தது. தம் பக்தியில் ஏதோ குறையிருக்கிறது, அதனால்தான் ஈசன் பூவை மறுக்கிறான் என்று அம்மையாரிடம் போய் முறையிட்டார்.

அம்மையார் அவரையும் உடன் வரச் சொன்னார். பதிக நூலை எடுத்துக்கொண்டு குடிலுக்கு நடந்தார். நல்ல உச்சி வெயில். உள்ளே இரண்டு மணை போடச் செய்து, கதவைச் சாத்தச் சொல்லி, தாமும் வாய்க்கட்டுக் கட்டிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

இரண்டாம் பாட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிற்று. மூன்றாம் பாட்டில் கூரைத் தாளில் கோத்திருந்த நீர் ஏட்டின்மேல் சொட்டியது. முகம் சிவந்து மூச்சு வாங்கியது. அம்மையாரோ நிறுத்துவதாக இல்லை.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கூரைத் திறப்பின் கயிற்றை இழுத்தார். பக்கத் திரைகளைச் சுருட்டினார். மலைக்காற்று உள்ளே வந்தது. இலைகள் அசைந்தன.

“யாரைக் கேட்டுத் திறந்தீர்கள், ஐயா?”

“தங்களுக்கு மூச்சு முட்டுகிறதே, தாயே.”

“நான் வாய் திறந்து கேட்கவில்லையே.”

“கேட்க வேண்டுமா? பார்த்தால் தெரியாதா?”

அம்மையார் வாய்க்கட்டை அவிழ்த்தார்; செடிகளைப் பார்த்தார்; பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார். ஏகாம்பரம் தலை குனிந்தார்.

அன்றே அழுகிய மொட்டுகளை எல்லாம் கிள்ளி அப்புறப்படுத்தினார். அதன்பின் பகல் முழுதும் குடில் திறந்தே கிடந்தது. மிஞ்சிய மொட்டுகளைப் பூஞ்சணம் தீண்டவில்லை. ஒரு சிறு மாலைக்குப் போதுமான பூக்கள் தேறின.

குருபூசைக் காலை, இளவெயில் ஏறும் நேரம். வாயைக் கட்டிக்கொண்டு பூக்கூடையுடன் சென்றவர், பறிக்காமல் நின்றுவிட்டார். இருப்பதில் பெரிய பூவின் நடுவே ஒரு தேனீ அமர்ந்திருந்தது. திருமுழுக்குக்கான பொருள்களை ஏந்தி அவ்வழியே வந்த அம்மையாரிடம், இந்தப் பூவைச் சுவாமிக்குச் சாத்தலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அம்மையார் தம் கையிலிருந்த தேன் கிண்ணத்தை அவர்முன் நீட்டினார்.

“இதைச் செய்து கொடுத்தவர் அங்கே அமர்ந்திருக்கிறார். அவர் எழுந்திருக்கட்டும், ஐயா. பிறகு பறிக்கலாம்.”