காலிக் கட்டத்துக்கும் 'நலம்'

சுகாதார அலுவலகத்தில் பவளக்கொடி தற்காலிக ஊழியர். அதிகாரி அருளப்பன் கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனைப் பட்டியலை அவளிடம் கொடுத்தார்.

"ஹீமோகுளோபின் பதினொன்றுக்குக் கீழே இருந்தா 'சோகை', இல்லேன்னா 'நலம்'. கம்ப்யூட்டர்ல 'ஆர்'ங்கிற மொழியில நிரல் எழுதினா ஒரே வரிதான்."

"முந்நூறு பேருக்கு ரத்தமே எடுக்கலை சார். கட்டம் காலியா இருக்கு."

"காலின்னா 'நலம்'னு போடு! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

போட்டாள். கூட்டத்தில் பட்டியலைப் படித்த கலெக்டர் நிமிர்ந்தார். "கடைசியில 'ஆபீஸ் மேசை, நலம்'னு இருக்கே?"

"அதுக்கும் ரத்தம் எடுக்கலைங்க மேடம். சார் விதிப்படி நலம்தான்," என்றாள் பவளக்கொடி.

அருளப்பன் முகம் வெளுத்தது. 'காலியாக இருந்தால் சோதிக்கவும்' என்ற நிபந்தனையைக் கலெக்டர் அங்கேயே நிரலில் சேர்க்கச் சொன்னார். அந்த முந்நூறு பேருக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்ததில் நாற்பது பேருக்குக் கடும் சோகை.

அவர்களில் ஒருத்தியான மரகதவல்லி, பிரசவமானதும் அலுவலகம் தேடி வந்தாள். "உங்களாலதான் ரெண்டு பேரும் பொழச்சோம்க்கா" என்று குழந்தையைப் பவளக்கொடியின் மடியில் வைத்தாள்.