கடல் நிறையத் தண்ணீர்

மலைக்காட்டு மூங்கில் புதரில் செவத்தான் என்ற நரியும் அவன் மனைவி மயிலியும் வாழ்ந்து வந்தார்கள். குட்டிகள் வளர்ந்து, தனித்தனியே பிழைக்கப் போய்விட்டன.

ஒரு கோடையில் கடற்பறவை ஒன்று வழிதவறி அந்த மலைக்கு வந்தது. "எங்கள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா? பார்வை போகிற மட்டும் தண்ணீர்! மறுகரையே கிடையாது!" என்றது.

அதைக் கேட்டதும் செவத்தானுக்குக் கால் பரபரத்தது.

"மயிலி, கிளம்பு! நாலு இடம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலையும் பார்த்துவிட்டு வருவோம்!"

"இந்த வயசுல எதுக்குங்க?" என்றாள் மயிலி. ஆனால் அவள் வால் சந்தோஷத்தில் ஆடிற்று.

புறப்பட்டார்கள். வழியில் அருவியைப் பார்த்தார்கள். சேற்றில் புரளும் யானைக் கூட்டத்தைப் பார்த்தார்கள். மயிலிக்கு எதையும் உட்கார்ந்து, ஆற அமரப் பார்க்க வேண்டும். செவத்தானுக்கு அது பிடிக்காது.

"பார்த்தாயிற்று அல்லவா? நட! கடல் இதைவிடப் பெரிது!"

மலை இறங்கியதும் முள்காடு வந்தது. அதைத் தாண்டி உப்பளம் வந்தது. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. மயிலி ஒன்றை நக்கிப் பார்த்தாள்.

"த்தூ! ஒரே கரிப்பு! நாக்கு வறண்டு போச்சுங்க."

உப்பளத்தைக் கடந்ததும், பாதையிலிருந்து சற்று விலகி, கோரைப்புல் சூழ்ந்த ஒரு குட்டை தெரிந்தது. கரையில் ஒரு கொக்கு நின்றிருந்தது.

"வெளியூரா? வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இதற்கு அப்பால் குடிக்கிற தண்ணீர் கிடைக்காது!" என்றது கொக்கு.

செவத்தான் உரக்கச் சிரித்தான். "கடலுக்குப் போகிறவனிடம் தண்ணீர் இல்லை என்கிறாயே! உன் குட்டையை நீயே வைத்துக்கொள்!"

"ஒரு வாய் குடிச்சிட்டு வந்துடறேங்க," என்றாள் மயிலி. குரல் கம்மியிருந்தது.

"பொழுது சாய்ந்தால் கடல் எங்கே தெரியும்? இந்தக் கலங்கலையா குடிப்பாய்? அங்கே கடல் நிறையத் தண்ணீர்! வயிறு முட்டக் குடி!"

அவன் முன்னால் நடந்தான். மயிலி குட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் வந்தாள். அதை அவனும் கவனித்தான். கவனித்தும் நிற்கவில்லை.

மணல்மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. நீலமாய், பொன்னாய், ஓயாமல் புரண்டுகொண்டிருந்தது. செவத்தான் அங்கேயே நின்றுவிட்டான்.

மயிலி நிற்கவில்லை. தள்ளாடி ஓடினாள். அலையில் வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஐயோ, குடிக்காதே!" என்று ஒரு நண்டு வளையிலிருந்து கத்தியது. "அது உப்புத் தண்ணீர்! தாகத்தோடு குடித்தால் உயிரையே வாங்கிவிடும்!"

அதற்குள் மயிலி கால் மடங்கி விழுந்தாள். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. உடம்பு நடுங்கியது.

"மயிலி! மயிலி!"

"நல்ல தண்ணி... கொஞ்சம்..." என்றாள் அவள்.

செவத்தான் குட்டையை நோக்கிப் பாய்ந்தான். மணல் காலை இழுத்தது. மூச்சு முட்டியது. அவன் வந்த வேகத்தைப் பார்த்துக் கொக்கு விலகி நின்றது. வாய் கொள்ளுமட்டும் தண்ணீரை அள்ளினான். தனக்கென்று ஒரு சொட்டும் விழுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடினான்.

மயிலி கடலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. வாய் திறந்தால் தண்ணீர் கொட்டிவிடும். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு குனிந்து, அந்தத் தண்ணீரைத் துளித்துளியாய் அவள் நாக்கில் விட்டான். அது வழிந்து மணலில் இறங்கிற்று.

"கடல் எப்படிங்க இருக்கு?" என்று நண்டு, தெரியாத்தனமாய், அவனைப் பேசவைக்கும் ஆசையில் கேட்டது.

"நான் பார்க்கவில்லை," என்றான் செவத்தான்.

கூட வருகிறவரின் தாகத்தைக் காதில் வாங்காமல் போகிறவன், எவ்வளவு அழகான இடத்துக்குப் போனாலும், கடைசியில் தனியாகத்தான் நிற்பான்.