சங்குக் காசும் கண்ணாடி வளையலும்

வெகு காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் இருந்த பவழத்துறை நாட்டை அரிகேசவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மாற்றுவான். அவனோடு காலம் தள்ளுவது கம்பிமேல் நடக்கிற வித்தை என்று அமைச்சர் சாத்தப்பர் தம் மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொள்வார்.

அரசனின் ஒரே மகள் கோமளவல்லியைக் கடல் தாண்டிச் சங்குத்தீவு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வளைகாப்பு என்று சேதி வந்ததும் அரண்மனையே துள்ளியது. தங்க வளையல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கச் சொன்னான் அரசன்.

அப்போது அரசி செண்பகவல்லி மெல்லக் கேட்டாள். "எல்லாம் சரி. இத்தனை வருஷத்தில் நீங்களாகக் கடைக்குப் போய் அவளுக்கு ஒரு பொருள் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா?"

அரசன் சட்டென்று எழுந்து, "பெட்டியை உள்ளே வையுங்கள்! சங்குத்தீவுக் கடைவீதியில் நானே இறங்கி, என் காசில், என் மகளுக்குக் கண்ணாடி வளையல் வாங்குவேன்" என்றான்.

பொக்கிஷ அதிகாரி உலகளந்தார் முன்னால் பாய்ந்தார். சாத்தப்பர் பேர் சொன்னாலே அவருக்கு வயிறு எரியும். "வழிச்செலவை அடியேனிடம் விடுங்கள் மன்னா. அமைச்சருக்குக் காசைப் பற்றி என்ன தெரியும்?"

அரசனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. இருவர் கையிலும் ஆளுக்கொரு பொன்முடிப்பைக் கொடுத்தான். "வழியில் இரண்டு துறைமுகம். ஊருக்கொரு காசு. இருவரும் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வளையல் வாங்க யாருடைய முடிப்பு உதவுகிறதோ, பொக்கிஷச் சாவி அவருக்கே!"

அரசியையும் ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. முதல் துறைமுகத்தில் மீன் முத்திரைக் காசு. உலகளந்தார் தம் பொன் முழுவதையும் காசு மாற்றுகிறவரிடம் கொட்டி, ஒரு சாக்கு நிறைய மீன்காசு வாங்கினார். சாத்தப்பரோ சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வேண்டியதை மட்டும் மாற்றினார்.

"ஓய் சாத்தப்பரே, கையில் நாலு காசோடு அரசரோடு கடைக்கு வர வெட்கமாயில்லை?"

"பாரம் தூக்க முடியாதையா. வயசாகிறது" என்றார் சாத்தப்பர்.

இரண்டாம் துறைமுகத்தில் யானைக் காசு. மீன்காசை அங்கே சீந்துவாரில்லை. கழிவு போக மிஞ்சியதை உலகளந்தார் முணுமுணுத்தபடி யானைக்காசாக மாற்றினார். சாக்கு பாதியாக இளைத்தது.

சாத்தப்பரிடமும் கொஞ்சம் மீன்காசு மிஞ்சியிருந்தது. அவர் காசு மாற்றுகிறவரிடம் போகவில்லை. துறைமுகத்தில் காலாற நடந்தார். சங்குத்தீவிலிருந்து வந்த கப்பல் ஒன்று நின்றது. அதன் மாலுமிகள் அடுத்து முதல் துறைமுகத்துக்குப் போகிறவர்கள்.

"தம்பிகளா, உங்களிடம் சங்குக் காசு மிச்சமிருக்கிறதா?"

"இருக்கு ஐயா. இனிமேல் அதை வைத்து நாங்கள் என்ன செய்ய?"

"நீங்கள் போகிற ஊர்க் காசு என்னிடம் இருக்கிறது. நான் போகிற ஊர்க் காசு உங்களிடம் இருக்கிறது. மாற்றிக்கொள்வோமா?"

கழிவுமில்லை, தரகுமில்லை. இரு பக்கமும் சிரிப்போடு காசு கைமாறியது.

சங்குத்தீவில் இறங்கினால் அன்றைக்குக் கடல் திருவிழா. காசு மாற்றும் கடை அத்தனையும் பூட்டு. வளைகாப்பு முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வளையல் கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. உலகளந்தார் சாக்கை அவிழ்த்தார்.

"யானை போட்ட காசா? இது இங்கே செல்லாதையா" என்றாள் வளையல்காரி.

அரசன் தன் உருவம் பொறித்த பொற்காசை எடுத்து நீட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருங்க இது? முறைக்கிறாரே!"

சாத்தப்பர் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். சிரித்தால் தலை போகும்.

"மன்னா, மருமகனிடம் கேட்டு வாங்கலாமே" என்று இழுத்தார் உலகளந்தார்.

"மருமகனிடமா? என் மகளுக்கு வளையல் வாங்க நான் இன்னொருவரிடம் கை நீட்டுவதா?" என்றான் அரசன். கடை வாசலில் நின்றது அரசனே இல்லை. மகளைப் பார்க்க வெறுங்கையோடு வந்துவிட்ட ஒரு தகப்பன்.

சாத்தப்பருக்கு மனசு கேட்கவில்லை. சங்குக் காசுகளை எடுத்து அரசனின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "தங்கள் முடிப்பிலிருந்து மாற்றியதுதான் மன்னா. தாங்களே கொடுங்கள்."

"என்ன அளவு வேணும்?" என்றாள் வளையல்காரி.

அரசன் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளைத்து ஆசையாகக் காட்டினான். அது ஐந்து வயதுக் குழந்தையின் மணிக்கட்டு. சாத்தப்பர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரசன் கொடுத்தது போக மிஞ்சிய காசுக்குப் பெரிய அளவில் இரண்டு டஜனைத் தனியாகக் கட்டச் சொல்லி மடியில் செருகிக்கொண்டார்.

கடையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் வழியில் அரசன் உலகளந்தாரிடமிருந்து பொக்கிஷச் சாவியை வாங்கிச் சாத்தப்பரிடம் நீட்டினான். "உலகளந்தாரே, அந்தச் சாக்கை நீரே ஊர்வரை தலையில் சுமந்து வாரும்!"

"வேண்டாம் மன்னா. ஊர் திரும்பும்போது அந்த யானைக்காசுத் துறைமுகத்தில்தானே நிற்போம்? அங்கே இறங்கினால் அது நல்ல காசு. அதைச் செலவழிக்கிற பொறுப்பு அவருக்கே இருக்கட்டும்" என்றார் சாத்தப்பர்.

உலகளந்தார் தலை நிமிரவில்லை. முதல் தடவையாக, "அமைச்சரே" என்று மரியாதையோடு அழைத்து, வழிவிட்டு நின்றார்.

சங்குத்தீவு அரண்மனையில் கோமளவல்லி அப்பா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். வளையல் விரல் முட்டியைக்கூடத் தாண்டவில்லை. அரசன் முகம் செத்துப்போயிற்று. சாத்தப்பரைத் திரும்பிப் பார்த்தான்.

"உமக்குத் தெரிந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை?"

"அவ்வளவு ஆசையாகக் காட்டினீர்கள் மன்னா. எனக்கு வாய் வரவில்லை." மடியிலிருந்த பெரிய வளையல்களை எடுத்து அரசியிடம் கொடுத்தார்.

அரசி அவற்றை மகளின் இரு கைகளிலும் அடுக்கினாள். கோமளவல்லியோ சின்ன வளையல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் மேடிட்ட வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இதை யாரும் தொடக்கூடாது. இது உங்கள் பேத்திக்கு."

"பேரனாக இருந்தால்?" என்று கேட்டான் அரசன்.

"அவனுக்கும் போட்டுப் பார்ப்பேன்" என்றாள் அவள், அப்பாவின் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.