கொட்ட மனம் வராத மது

கடல் இந்தக் கரையை இவ்வளவு தின்றிராத காலத்தில், புன்னைத்துறை என்று ஒரு சின்னத் துறைமுகம் இருந்தது. அதைச் சேந்தன் என்ற குறுநில மன்னன் ஆண்டுவந்தான். இது ஒரு மதுவைப் பற்றிய கதை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதென்ன பேச்சு என்று முகம் சுளிக்காதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

சேந்தனுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். உப்பளத்துக்குப் போனால் உப்பை நக்கிப் பார்ப்பான். மழை வந்தால் முதல் துளிக்கு நாக்கை நீட்டுவான். ஒருமுறை வைத்தியர் மூட்டுவலிக்குக் காய்ச்சிய தைலத்தையும் தொட்டு ருசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

"உங்களுக்கு நாக்கு ஒன்று போதும். கண்ணையும் காதையும் யாருக்காவது தானம் கொடுத்துவிடுங்கள்" என்றாள் அவன் மனைவி வெண்ணி.

அந்த ஊர்க்காரர்கள் அறிந்த குடி எல்லாம் பனங்கள்தான். காலையில் தித்திக்கும், உச்சியில் சுறுசுறுக்கும், மாலையில் புளிக்கும். ஒரு நாளைத் தாண்டாது. பழசானால் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். இதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் தெமித்திரன் என்ற யவன மாலுமி கப்பலோடு வந்தான். துறையில் நங்கூரம் போட அனுமதி கேட்டு, மன்னனுக்குக் காணிக்கையாக நீளநீளமான மண்சாடிகள் சிலவற்றைக் கொண்டுவந்து வைத்தான். சாடிகளின் வாயில் கட்டையை அடைத்து, மேலே கீல் என்னும் கரும்பிசின் பூசியிருந்தது. உள்ளே இருந்தது திராட்சையில் பிழிந்த சிவப்பு மது.

"அரசே, இது என் தகப்பன் மலைச்சரிவில் விளைந்தது. இப்போது திறக்க வேண்டாம். ஆண்டுகள் போகட்டும்" என்றான்.

நம் சேந்தனா பொறுப்பவன்? ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, அன்றைக்கே ஒரு சாடியைத் திறந்தான். நிறம் நாவற்பழச் சாறு. ஒரு வாய் குடித்தான். கடுக்காயைக் கடித்தது போல நாக்கு சுருங்கிப் பல்லோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. விருந்தாளிகள் சிரிப்பை அடக்க முடியாமல் இலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏய் யவனா! தோல் ஊறவைத்த தண்ணீரையா எனக்குக் காணிக்கை கொடுத்தாய்?"

"அரசே, அது இன்னும் குழந்தை. வயதானால் இனிமையாகிவிடும்."

"வயதானால் குடி இனிக்குமா? யாரிடம் கதை விடுகிறாய்! சரி, உன் பேச்சு மெய் என்றால் நீயும் இங்கேயே இரு. இந்த மது என் நாக்குக்கு நல்லது என்று நான் சொல்லும் நாளில் நீ ஊருக்குப் போகலாம். உன் கப்பல் போகட்டும், அதுவரை நீ போக முடியாது."

தெமித்திரனுக்கு ஊரில் மனைவி இருந்தாள். தவழுகிற பெண்குழந்தை ஒன்றும் இருந்தது. ஆனாலும் அவன் தன் சொல்லை நம்பினான். சம்மதித்தான். சாடிகளை நிழலில், குளிர்ந்த மணலில் கழுத்தளவு புதைத்தான். கப்பல் அவன் இல்லாமல் போனது.

மூன்று ஆண்டுகள் போயின. சேந்தனுக்கு நாக்கு அரித்தது. உள்ளே என்ன நடக்கிறது? புளிக்கிறதா? வற்றுகிறதா? மணலில் குந்தி, சாடியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான்.

"பிரசவ வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி ஏன் இங்கேயே சுற்றிச்சுற்றி வருகிறீர்கள்?" என்றாள் வெண்ணி.

"அரசே, இப்போது வேண்டாம், அது தூங்குகிறது" என்று தெமித்திரன் கெஞ்சினான். சேந்தன் கேட்கவில்லை. இரண்டாவது சாடியைத் திறந்தான்.

இந்த முறை கசக்கவில்லை, துவர்க்கவும் இல்லை. ஒன்றுமே இல்லை. மணம் இல்லை, ருசி இல்லை. ஊமை போல வாய்க்குள் வந்து ஊமை போலவே இறங்கிப் போயிற்று.

"முன்பு திட்டவாவது ஏதோ இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டதே" என்று சேந்தன் உதட்டைப் பிதுக்கினான். வெண்ணி அந்தச் சாடியில் மீனை ஊறப்போட்டாள்.

தெமித்திரன் மறுபடி காத்திருந்தான். பருவக்காற்றோடு யவனக் கப்பல்கள் வந்தன, போயின. அவன் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவான். சும்மாவும் இருக்கவில்லை. பாய்மரம் கட்டக் கற்றுக்கொடுத்தான். இரவில் படகுகள் வழி தவறாதிருக்க மேட்டில் விளக்குக் கோபுரம் எழுப்பினான். சாயங்காலங்களில் சேந்தனோடு பகடை ஆடினான். சேந்தன் தோற்றால் காயைக் கலைத்துவிடுவான். இவன் சிரித்துக்கொண்டே மறுபடி அடுக்குவான். கைதியாக இருந்தவன் எப்போது தோழனானான் என்று இருவருக்குமே தெரியாது.

இன்னும் ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ஒரு காலை, தெமித்திரனின் சொந்த ஊர்க் கப்பல் துறைக்கு வந்து நின்றது. அவன் சேந்தன் முன்னால் வந்தான்.

"அரசே, இப்போது திறக்கலாம்."

கடற்கரையில் ஊர் கூடியது. மூன்றாவது சாடியின் கீலை உடைத்தார்கள். கிண்ணத்தில் விழுந்த மது நாவற்பழ நிறத்தை விட்டுச் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. சேந்தன் முதலில் முகர்ந்தான். மழை விழுந்த மண், உலர்ந்த அத்திப்பழம், எங்கோ தூரத்தில் எரியும் நல்ல விறகு. குடித்தான். அன்றைய துவர்ப்பு முழுக்க எங்கே போயிற்று? பட்டு போல இறங்கியது. விழுங்கிய பிறகும் ருசி வாயை விட்டுப் போகவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே கப்பல் நின்றது.

நல்லது என்று சொன்னால் இவன் போய்விடுவான். பாய்மரம் கட்ட யார் கற்றுக்கொடுப்பார்கள்? சாயங்காலம் யாரோடு ஆடுவது? என் நாக்கில் இருப்பது எனக்கு மட்டும்தானே தெரியும்?

"கடுக்காய்தான்" என்றான் சேந்தன். "அப்படியே இருக்கிறது."

தெமித்திரன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். மாலுமிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெண்ணி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாக்கோடு அவள் எத்தனை காலம் குடித்தனம் செய்தவள்!

"அப்படியானால் சரி. கெட்டதை எதற்கு வைத்துக் காவல் காக்க வேண்டும்? சாடிகள் எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிடலாம். திறந்த இந்தச் சாடியை முதலில் உங்கள் கையாலேயே கொட்டுங்கள்."

"கொட்டினால் போகிறது" என்றான் சேந்தன். எழுந்து, திறந்த சாடியை இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு அலையோரம் போனான். சாய்த்தான். சிவப்பாக ஒரு கோடு அலை நுரையில் விழுந்தது. மணம் எழுந்து மூக்கில் ஏறியது. கை நின்றது. மறுபடி சாய்த்தான். மறுபடி நின்றது. மூன்றாம் முறை சாடியைச் சாய்க்கவே முடியவில்லை. பிள்ளையை அணைப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"கெட்டதைக் கொட்ட இத்தனை யோசனையா, அரசே? எங்கள் வீட்டு அழுகின மீனையும் இப்படிக் கட்டிப்பிடித்துக் கொட்டித் தருவீர்களா?" என்று மீன்காரி ஒருத்தி குரல் கொடுத்தாள். கரையே சிரித்தது.

சேந்தனுக்கு முகம் சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. கரையேறி, தெமித்திரன் முன்னால் சாடியை இறக்கினான்.

"பழுத்துவிட்டது. இப்படி ஒன்றை நான் குடித்ததே இல்லை. நான் சொன்னது பொய். எழுந்திரு, உன் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்."

தெமித்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எனக்கும் ஒரு வாய் கொடுங்கள், அரசே" என்றான். இத்தனை ஆண்டுகளில் அவன் அதைத் தொட்டதே இல்லை. மெதுவாகக் குடித்தான். வெகுநேரம் வாயில் வைத்திருந்தான்.

"எப்படி?" என்று சேந்தன் ஆவலோடு குனிந்தான்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஓர் ஐந்து ஆண்டு பொறுத்திருந்தால்..."

"ஐயோ, வாயை மூடு! கப்பலில் ஏறு முதலில்" என்று சேந்தன் அவனை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே போனான்.

நல்லது என்று தெரிந்தும் ஒன்றைக் கெட்டது என்று சொல்கிறவன், அதை நிம்மதியாக அனுபவிக்கவும் முடியாமல், தூக்கி எறியவும் முடியாமல், நடுத்தண்ணீரில்தான் நிற்பான்.